நீதிச் சீர்திருத்தச் சட்டமூலங்கள்: பாராளுமன்றக் குழு முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும்?

நீதித் துறை சார்ந்த சட்டமூலங்களை ஆராயும் பாராளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதன் மேசைக்கு வரும் கோரிக்கைகளோ ஏராளம். அக்குழுவுக்கு எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்க விரும்பும் கொழும்பின் தமிழ் பேசும் அமைப்புகளும் தனிநபர்களும், தமக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே மனுவில் அடுக்கி எதையும் பெறாமல் திரும்புவதைவிட, எதற்கு முதலிடம் கேட்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. என் பார்வையில் தெரிவுகள் மூன்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை அகற்றி அதற்குப் பதிலாக வேறொரு சட்டத்தைக் கொண்டுவருவது ஒன்று. பிணையையும் விளக்கமறியலையும் பற்றிய சட்டங்களைத் திருத்துவது இன்னொன்று. குடியியல் வழக்குகளின் தாமதத்தைக் குறைப்பது மூன்றாவது. சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து வழக்குத் தொடுநர் பணியைப் பிரித்துத் தனி அலுவலகம் அமைக்கும் யோசனையும் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அது அரசியலமைப்பையும் திறைசேரியையும் சேர்த்துத் தொடும் பெரிய வேலை என்பதால், ஒரு குழுவின் ஒரு தவணைக்குள் முடியக்கூடிய தெரிவாக அதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலிடம் பிணைச் சட்டத் திருத்தத்துக்கே கொடுக்கப்பட வேண்டும் என்பது என் முடிவு. தமிழ் வாசகர் பலருக்கு இது முதலில் உவப்பாக இராது என்பதை அறிவேன். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அதற்கு முன், நம் நாட்டில் குழுநிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நினைவூட்டுவது அவசியம். இந்தியாவில் நிறைவேறிய சட்டமொன்றை எதிர்த்துப் பின்னர் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். இலங்கையில் அந்த வழி இல்லை. சட்டமூலத்தை அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின் கீழ் குறித்த காலத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றுரை இட்டபின், 80ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியின்படி, எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் வலிதுடைமையை வினவ முடியாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். உயர் நீதிமன்றம் கோரிய திருத்தங்கள் முழுமையாக உள்வாங்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து, சபாநாயகருக்கெதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணைகூட வந்தது. பிரேரணை தோற்றது, சட்டம் நிலைத்தது. பிழையாகச் செய்துவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி இங்கே மிகக் குறைவு. எனவே தெரிவுகளை ஒப்பிடும்போது எது அதிக நன்மை தரும் என்பதுடன், அவசரத்தில் கெட்டுப்போகக்கூடியது எது என்பதையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் தீமை பற்றித் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமாக, தற்காலிக ஏற்பாடுகள் என்ற பெயருடன் மூன்றாண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட அது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கட்டளையால் ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க 9ஆம் பிரிவு இடம் தந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. நீதவான் தடுப்புக்காவலில் உள்ளவரைச் சென்று பார்க்க வேண்டும் என்றது. விசாரணை தொடங்காமலே 12 மாதங்கள் கடந்தால் மேல் நீதிமன்றத்தில் பிணை கோரவும் வழிவிட்டது. அந்தத் திருத்தம் தொடாமல் விட்டதுதான் சட்டத்தின் நச்சு வேர். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாம் என்றும், அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை எதிரியே நிரூபிக்க வேண்டும் என்றும் சொல்லும் 16ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. இந்தச் சட்டத்தின் கீழ் மட்டும் அது ஒரு மனிதரின் வாழ்நாளைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் இதற்கே முதலிடம் கொடுக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. என் தயக்கத்துக்குக் காரணம் அகற்றுதல் அல்ல. அதனுடன் எப்போதும் கட்டி இழுத்துவரப்படும் மாற்றுச் சட்டம். 2018இல் ஒரு வரைவு வந்தது, போனது. 2023 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியான பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம், தடுப்புக் கட்டளை இடும் அதிகாரத்தைப் பிரதிப் பொலிஸ் மா அதிபர் தரத்துக்கு இறக்கியதாலும், பயங்கரவாதத்துக்குக் கொடுத்த வரைவிலக்கணம் தொழிற்சங்கப் போராட்டத்தைக்கூட உள்ளே இழுக்குமளவுக்கு அகன்றிருந்ததாலும் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, அதே ஆண்டு செப்டெம்பரில் திருத்திய வடிவில் மீண்டும் வந்து, சட்டமாகாமலே நின்றது. ஒவ்வொரு முறையும் பழையதிலுள்ள கொடிய பிரிவொன்றை நீக்குவதற்கு விலையாகப் புதிய அதிகாரமொன்றைக் கொடுக்கும்படி கேட்கிறார்கள். எந்தச் சொல் எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பும் என்று வரிக்கு வரி எடைபோட வேண்டிய வேலை அது. நிறைவேறியபின் நீதிமன்றத்தில் முறையிட வழியில்லாத நாட்டில் அதை ஒரு குழுவின் முதல் அமர்விலேயே வைத்து விரைவுபடுத்துவது ஆபத்தானது.

ஆனால் 16ஆம் பிரிவை நீக்குவதற்கு மாற்றுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய எந்தத் தேவையும் இல்லை. ஓரிரு வாசகங்களில் எழுதக்கூடிய திருத்தச் சட்டமூலமே அதற்குப் போதும். எந்த அலுவலகமும் புதிதாகத் திறக்க வேண்டாம், எந்தப் பணமும் ஒதுக்க வேண்டாம். குழுவுக்கான மனுவில் மாற்றுச் சட்டம் பற்றிய விவாதத்தையும் 16ஆம் பிரிவின் நீக்கத்தையும் இரண்டு தனிக் கோரிக்கைகளாகப் பிரித்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் ஒரே பொதியாக ஏற்றுக்கொண்ட காரணத்தால்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டும் நடக்கவில்லை.

இனி, பிணை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் நல்ல சட்டம். பிணை வழங்குவதே விதி, மறுப்பதே விலக்கு என்று அதன் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. விளக்கமறியல் 12 மாதங்களைத் தாண்டக்கூடாது என்றும், தாண்டுவதாயின் மேல் நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும் என்றும் அது சொல்கிறது. பிணைத் தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக்கூடாது என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் அதற்கு முன்பிருந்தே உண்டு. இவ்வளவும் இருந்தும் நாட்டின் சிறைகளில் இருப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் தீர்ப்புப் பெறாதவர்கள். 13,000 பேருக்குக் குறைவானவர்களை வைத்திருக்கத்தக்க சிறைகளில் அண்மைய ஆண்டுகளில் 25,000க்கும் மேற்பட்டோர், சில காலங்களில் 30,000ஐயும் கடந்து, அடைக்கப்பட்டிருக்கிறார்கள். 2020 நவம்பரில் மஹர சிறையில் கொரோனா அச்சத்தின் நடுவே வெடித்த கலவரத்தில் 11 பேர் இறந்தபோது, அந்தச் சிறையின் நெரிசல் ஒரு சில நாட்களுக்குச் செய்தியானது. அங்கிருந்தோரில் பலர் எந்த நீதிமன்றத்தாலும் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்படாதவர்கள்.

சட்டம் நன்றாக இருந்தும் நடைமுறை இப்படி ஆனதற்கு இரண்டு வாசல்கள் காரணம். ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. பிணைக்கெனத் தனி ஏற்பாடு கொண்ட வேறு சட்டங்களுக்குப் பிணைச் சட்டம் பொருந்தாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படி வெளியே நிற்கிறது. நஞ்சு, அபின் மற்றும் அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் பாரிய குற்றங்களுக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்திலோ அதற்கு மேலோ விசேட காரணம் காட்ட வேண்டும். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொது ஆதனங்கள் தொடர்பான சட்டத்தின் கீழும் விசேட காரணம் காட்டினால்தான் பிணை. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்கிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்திலும், உரிமையைக் காக்கவென்று பிறந்த அந்தச் சட்டத்திலேயே, பிணைக்கு அதே தடை எழுதப்பட்டிருக்கிறது. மேல் நீதிமன்றத்தில் பிணை மனுப் போடச் சட்டத்தரணி வேண்டும், பணம் வேண்டும், பல தவணைகள் காத்திருக்க வேண்டும். வசதியுள்ள சந்தேகநபருக்கு அது தாமதம். கூலி வேலை செய்பவருக்கு அது தண்டனை.

போதைப்பொருள் வழக்குகளில் இன்னொரு முடிச்சும் உண்டு. கைப்பற்றப்பட்டது உண்மையில் என்ன, அதில் தூய போதைப்பொருளின் நிறை எவ்வளவு என்பதை அரச பகுப்பாய்வாளர் அறிக்கையே சொல்ல வேண்டும். சட்டம் தண்டனையை நிறையின்படி வகுத்திருப்பதால் அறிக்கை வரும்வரை எந்தக் குற்றச்சாட்டு என்றே தீர்மானிக்க முடியாது. அறிக்கை மாதக்கணக்கில் தாமதமாகிறது. அதுவரை பதினான்கு நாளுக்கு ஒருமுறை சிறைச்சாலை பஸ் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு வருகிறது, பெயர் கூப்பிடப்படுகிறது, அறிக்கை இல்லை என்று சொல்லப்படுகிறது, அடுத்த தவணை போடப்படுகிறது. வழக்கின் உள்ளே போகாமலே ஓராண்டு கழிந்துவிடும். அறிக்கைக்கு ஒரு காலவரையறை விதித்து, அது கடந்தால் நீதவானே பிணையைப் பரிசீலிக்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தால், ஆய்வுகூடத்துக்கு ஆளும் கருவியும் கொடுக்கும் நெருக்குதல் அரசுக்குத் தானாகவே வரும். இன்றைய முறையில் தாமதத்தின் செலவு முழுவதையும் சந்தேகநபரும் அவர் குடும்பமும் சுமக்கின்றனர். அரசுக்கு அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது வாசல் சட்டத்தில் இல்லை, கருமபீடத்தில் இருக்கிறது. பிணை கிடைத்த பிறகும் வெளியே வர முடியாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன். நீதவான் சரீரப் பிணை இருவர் என்று கட்டளையிடுவார். பிணையாளிகள் தேசிய அடையாள அட்டையுடன், தாம் வசிக்கும் இடத்துக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் கொண்டுவர வேண்டும். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்கப்படுவது வழக்கம். வெள்ளவத்தையில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு இது ஒரு காலைப் பொழுது வேலை. ஆனால் புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, கடையின் மேல்மாடியிலேயே படுத்து எழும்பும் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து இளைஞனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கொழும்பில் பதிவு இல்லை. பிணை நிற்கக்கூடிய தாய் மாமனும் பெரியப்பாவும் தோட்டத்தில் இருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாளைப் பார்த்து, சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கி, இரவு பஸ் ஏறிக் காலையில் புதுக்கடைக்கு வந்து சேர்வதற்குள் நாட்கள் போய்விடும். இரண்டு பேரின் நாட்சம்பளமும் பஸ் காசும் போய்விடும். வந்து சேர்ந்த பிறகு கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழையென்றால் மீண்டும் ஹட்டன். இத்தனைக்கும் நீதிமன்றம் அவனை விடச் சொல்லியாகிவிட்டது.

சட்டத்தரணிகளிடமும் நீதிமன்ற எழுதுவினைஞர்களிடமும் பேசினால் இது அபூர்வமான சம்பவமல்ல என்பது விளங்கும். கொழும்பின் வனாத்தமுல்லை, மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் நெருக்கமான வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்போருக்கும், வாக்காளர் இடாப்பில் பெயர் வேறிடத்தில் இருப்பதால், இதே சிக்கல் வருகிறது. வதிவிடத்தை உறுதிப்படுத்தும் வழிகளை நீதவானின் கைப்படியான கட்டளையோடு நிறுத்தாமல் சட்டத்திலேயே வகுத்து, பிரதேச செயலகங்கள் மின்னஞ்சலிலோ இணையத் தரவிலோ அதே நாளில் உறுதிப்படுத்தினால் போதும் என்று சொல்லி, சிறு குற்றங்களுக்குச் சந்தேகநபரின் சொந்தப் பிணைமுறியே போதும் என்று முன்னனுமானம் ஒன்றை வைத்தால், ஒரு ரூபாய்கூடப் புதிதாக ஒதுக்காமல் நூற்றுக்கணக்கானோர் வீடு போவார்கள். தண்டப்பணம் கட்ட முடியாமல் சிறை செல்வோர் விடயமும் இதனுடன் சேர்த்தே பார்க்கப்பட வேண்டியது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் அதற்கு மாற்று வழியை ஏற்கெனவே தந்திருக்கிறது. அலைந்து திரிவோருக்கான 1841ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் போன்ற காலனித்துவ எச்சங்கள் அந்த வழிக்குக் குறுக்கே நிற்கின்றன. வெலிக்கடைச் சிறையும் அதே 1841இல்தான் கட்டப்பட்டது.

இந்தத் தெரிவுக்கு எதிரான வாதத்தைச் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதவான் நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்தவரால் ஒரு சந்தேகநபர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பிணையை இலகுவாக்கும் எந்தப் பேச்சும் பாதாள உலகத்துக்கு உதவுவதாகவே பலரின் காதில் விழுகிறது. சாட்சிகள் மிரட்டப்படுவதும் உண்மை. ஆனால் சாட்சியில் தலையிடுவார், மறைந்துவிடுவார், மீண்டும் குற்றம் செய்வார் என்று நம்பக் காரணமிருந்தால் பிணையை மறுக்கப் பிணைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இன்றும் அதிகாரம் தருகிறது. அதை யாரும் நீக்கச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆட்பலமும் பணபலமும் உள்ள குற்றக்குழுத் தலைவருக்குப் பிணையாளி தேடுவதில் சிரமம் இருந்ததே இல்லை. இன்றைய முறை வடிகட்டுவது ஏழையைத்தான். அந்த 14ஆம் பிரிவிலேயே, பிணையால் பொதுமக்களிடையே குழப்பம் ஏற்படலாம் என்பதும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அந்தக் காரணத்தை மட்டும் குழு இறுக்கமாக வரையறுக்க வேண்டும்; ஊடகச் சத்தம் ஒருவரைச் சிறையில் வைத்திருக்கப் போதுமான காரணமாகிவிடக்கூடாது.

வெளிநாட்டு அனுபவமும் இங்கே பயன்படும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றம் 2014இல் சட்டமும் அரசியலமைப்புத் திருத்தமும் செய்து, நீதிமன்றங்களுக்கு ஆயத்தம் செய்ய இரண்டாண்டு கொடுத்து, 2017 ஜனவரி முதல் காசுப் பிணையைப் பெரும்பாலும் கைவிட்டது. ஆபத்தானவர் என்று காட்டப்பட்டால் பிணையே மறுக்கும் அதிகாரத்தையும் நீதிபதிக்குக் கொடுத்தது. தீர்ப்புக்கு முன் சிறையில் இருப்போர் தொகை அங்கு வெகுவாகக் குறைந்தது. அண்டை மாநிலமான நியூயார்க் 2019இல் வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து வேகமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றி, 2020இலும் 2022இலும் 2023இலும் அதைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டி வந்தது. இரண்டும் ஒரே நோக்கம் கொண்டவை. குழுநிலையில் செலவிட்ட பொறுமைதான் வேறு. அங்கே சட்டமன்றக் குழுக்களின் பகிரங்க அமர்வில் சாதாரண குடிமக்களும் பெயர் கொடுத்துப் பேசலாம் என்பதை நம் குழுக்களும் கவனிக்க வேண்டும். சிறைக்குள் இருந்து வந்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் நேரில் கேட்காமல் எழுதப்படும் பிணைச் சட்டம் அரைகுறையாகவே இருக்கும்.

குடியியல் பக்கம் வந்தால், அங்கே வலி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பாகப் பிரிவினை வழக்கொன்று தொடுத்தவரின் பிள்ளைகள் காலத்தில் முடிவதை வடக்கிலும் தெற்கிலும் எல்லோரும் அறிவோம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் நாட்டின் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கின்றன. புறக்கோட்டைச் சில்லறை வியாபாரிக்குக் கடனாகக் கொடுத்த சாமானின் பணம் வராவிட்டால் அவருக்கிருக்கும் வழியையும், வங்கிக்கு இருக்கும் வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கிக்கு 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி சுருக்கமான கடன் அறவீட்டு நடவடிக்கை உண்டு; அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் பராட்டே அதிகாரமும் உண்டு. வியாபாரிக்கு மத்தியஸ்த சபையும், அதன் பிறகு மாவட்ட நீதிமன்றத்தின் நீண்ட வரிசையும்.

இருந்தாலும் இதை முதலிடத்தில் வைக்க நான் தயங்குவது, இங்கே குறைவது பெரும்பாலும் சட்டமல்ல என்பதால். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் இருக்கிறது. 2016இல் கட்டாய மத்தியஸ்த எல்லை ஐந்து இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வார இறுதிகளில் பாடசாலை வகுப்பறைகளில் கூடும் அந்தச் சபைகள் கட்டணமின்றிப் பெரும் எண்ணிக்கையான பிணக்குகளைத் தீர்த்துவைக்கின்றன. 2017இல் வழக்கு விளக்கத்துக்கு முந்திய அமர்வு முறை குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைக்குள் வந்தது. 2022இல் சிறு கோரிக்கைகள் நீதிமன்றங்களுக்கான நடவடிக்கைமுறைச் சட்டம் நிறைவேறியது. 2020இன் 20ஆம் திருத்தம் உயர் நீதிமன்ற நீதிபதிகளை 11இலிருந்து 17ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளை 12இலிருந்து 20ஆகவும் கூட்டியது. இனி வேண்டியது கீழ் நீதிமன்றங்களில் நீதிபதிகள், சுருக்கெழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கட்டடங்கள். அவற்றை வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீட்டில்தான் பெற முடியும்; குழு இன்னொரு சட்டமூலத்தை எழுதுவதால் அவை வந்துவிடமாட்டா. இந்த விடயத்தில் குழுவிடம் கேட்க வேண்டியது மேற்பார்வை: ஏற்கெனவே நிறைவேற்றிய சட்டங்கள் எந்தெந்த மாவட்டத்தில் எவ்வளவு நடைமுறையில் உள்ளன என்று நீதி அமைச்சிடம் அறிக்கை பெற்று வெளியிடுவது.

மேற்பார்வைக் குழுவால் அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 2017இல் குற்றவியல் நீதி நிருவாகம் பற்றி ஆராய்ந்த துறைசார் மேற்பார்வைக் குழு, பாரதூரமான குற்ற வழக்கொன்று மேல் நீதிமன்றத்தில் முடிவுறச் சராசரியாக 10.2 ஆண்டுகளும், மேன்முறையீடு முடிய மேலும் ஏழு ஆண்டுகளும் எடுப்பதாகக் கண்டறிந்து வெளியிட்டது. அந்த எண் இன்றும் சட்டத்தரணிகள் வாயில் அடிபடுகிறது. அந்த அறிக்கைக்குப் பின்னர் பெரும் நிதிக் குற்றங்களுக்கு 2018இல் மூவர் கொண்ட நிரந்தர மேல் நீதிமன்றம் வந்தது. ஆனால் சாதாரண மனிதரின் கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் பழைய வரிசையிலேயே நிற்கின்றன. அந்தப் பத்தாண்டு காலத்தின் ஒரு பகுதியை ஒருவர் விளக்கமறியலில் கழிக்கிறார் என்று நினைத்துப் பார்த்தால், பிணைக்கு ஏன் முந்திய இடம் என்பது இன்னும் தெளிவாகும். விசாரணையை விரைவாக்க ஆண்டுகள் செல்லும். அதுவரை குற்றம் நிரூபிக்கப்படாதவரை வீட்டில் இருக்கவிடுவது இந்த ஆண்டே செய்யக்கூடியது.

மூன்று தெரிவுகளிலும் தமிழ் பேசுவோருக்குப் பொதுவான ஒரு குறை இருக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, 1988இன் 16ஆம் திருத்தத்துக்குப் பின், சிங்களத்தையும் தமிழையும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள் என்கிறது. அதே வேளை தமிழ் நிருவாக மொழியாக இல்லாத பகுதிகளில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடக்கும் என்கிறது. கொழும்பில் தமிழர் ஒருவர் தமிழில் மனுச் சமர்ப்பிக்கலாம். தனக்கு விளங்காத மொழியில் நடக்கும் நடவடிக்கைக்கு மொழிபெயர்ப்புக் கோரலாம். ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. இந்த உரிமை நீதிமன்ற வாசலில் தொடங்குகிறது. ஆனால் வழக்கு அதற்கு முன்பே பொலிஸ் நிலையத்தில் தொடங்கிவிடுகிறது. அங்கே தமிழில் சொல்வதைக் கேட்டு உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுகிறார். முடிந்ததும், தமிழ் ஓரளவு தெரிந்த வேறொரு உத்தியோகத்தர் சுருக்கமாகச் சொல்லிக் காட்டி, "வாசிச்சுக் காட்டியாச்சு, இதில கையெழுத்து வைங்க தம்பி" என்கிறார். பக்கத்தின் அடியில், வாசித்து விளங்கிச் சரியென ஏற்றதாகச் சிங்களத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாள்தான் பிணை விசாரணையில் நீதவானின் கையில் இருக்கும் முதல் ஆவணம். வாடகைத் தகராறில் மத்தியஸ்த சபைக்குப் போகும் முறைப்பாடும் பல வேளை அங்கிருந்தே புறப்படுகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ் வரும் ஒப்புதலென்றால், அதன் விளைவைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே குழுவுக்கு எழுதும் மனுவின் வரிசை இப்படி அமைவது நல்லது என்று கருதுகிறேன். பிணைச் சட்டத்துக்கான திருத்தங்கள் முதலில் வர வேண்டும்: விலக்கு அளிக்கப்பட்ட சட்டங்களின் கீழுள்ளோரும் குறித்த காலம் கடந்தபின் நீதவான் முன் பிணை கோரும் உரிமை, பகுப்பாய்வு அறிக்கைக்குக் கால எல்லை, பிணையாளி உறுதிப்படுத்தலுக்கு ஒரு நாள் எல்லை. அதே மனுவின் தனிப் பகுதியாக 16ஆம் பிரிவை நீக்கும் சிறு சட்டமூலம். மாற்றுப் பயங்கரவாதச் சட்டமென்று ஒன்று வருமாயின், அது பொதுமக்களிடமிருந்து மூன்று மொழிகளிலும் கருத்துப் பெற்று, குழு வரிக்கு வரி ஆராய்ந்த பிறகே முழுச் சபைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு அடுத்தது. குடியியல் தாமதத்துக்குச் சட்டம் கேட்காமல் கணக்குக் கேட்க வேண்டும். வாக்குமூலத்தைக் கொடுப்பவரின் மொழியிலேயே எழுத வேண்டும், எழுத ஆளில்லாவிட்டால் ஒலிப்பதிவு செய்து வழக்கேட்டுடன் சேர்க்க வேண்டும் என்ற ஒரு பிரிவைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் புகுத்தும்படி மனுவின் முதல் பக்கத்திலேயே கேட்க வேண்டும். இன்று எந்தக் கைத்தொலைபேசியாலும் செய்யக்கூடிய ஒலிப்பதிவைப் பொலிஸ் நிலையமொன்றால் செய்ய முடியாது என்று எந்த அமைச்சும் குழுவின் முன் வாதிட முடியாது. மனுவைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். அதைப் பெற்று ஆராய்வது பாராளுமன்றத்தின் கடமை.